கருவாட்டுக்கு ஒத்துப்போன சாஸ்

சனிக்கிழமை சாயங்காலம் ஹாம் அரிவது சவுந்தரத்தின் வேலை. காகிதம் போல மெல்லிசாக அரிய வேண்டும். தடித்துப் போனால் வாயில் இறைச்சி மட்டும்தான் நிற்கும், சாஸ் நிற்காது. புகையில் தொங்கவிட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடையில் எலும்பை ஒட்டிய அடித்துண்டைத் துரைமார் யாரும் கேட்டு வாங்குவதில்லை. அதைத்தான் அவளுடைய அப்பா பாக்கியநாதன் கடையிலிருந்து எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவருவார். அவள் அரிந்து முடிப்பதற்குள் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தெருக்கதவைத் தாழிட்டு, சன்னலையும் சாத்திவிட்டு, பனியனோடு மேசைக்கு எதிர்ப்பக்கம் வந்து உட்காருவார். நடுவில் மூன்று குப்பி, மூன்று சின்னத் தட்டு, நாக்கைக் கழுவிக்கொள்ள, சோறு ஊறின நீத்தண்ணி ஒரு கிண்ணம்.

"ம். சொல்லு."

சவுந்தரம் முதல் தட்டில் ஒரு துண்டைத் தொட்டு வாயில் போட்டாள்.

"இதுல புளிப்பு முந்திக்கிட்டு ஓடுது. இனிப்பு பின்னால நொண்டிக்கிட்டு வருது."

"மசாலா?"

"கிராம்பு. சொத்தைப் பல்லுக்கு வச்ச மாதிரி."

"ஹாமை அமுக்குதா?"

"அமுக்கல. ஆனா சண்டை போடுது."

பாக்கியநாதனின் உதடுகள் அசைந்தன. மகள் சொன்னதை இங்கிலீஷாக மாற்றி மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். திங்கட்கிழமை அந்த வார்த்தைகளை அவர் கடைத் துரையிடம் சொல்லியாக வேண்டும், தன் நாக்கு சொன்னது போல.

பீச் ஸ்திரீட்டில் துரைமாருக்குச் சீமைச் சாமான் விற்கும் அந்தக் கம்பெனிக் கடையில் பாக்கியநாதன் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. மலையோரத்து எஸ்டேட் பங்களாக்களிலிருந்தும், கிளப்பிலிருந்தும், துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களிலிருந்தும் ஹாமும் பேக்கனும் புகையிட்ட நாக்கும் வாங்க ஆள் வரும். வாங்கினவர்கள் கூடவே கேட்பது, "இதுக்கு எந்தச் சாஸ்?" வீட்டுச் சமையற்காரன் ஆக்குகிற குழம்பை நம்பாத துரைகூட மூடி முத்திரை போட்ட குப்பியை நம்பினார். ஒவ்வொரு பருவத்துக்கும் சீமையிலிருந்து மாதிரிக் குப்பிகள் வரும். அவற்றில் எதைப் பெட்டி பெட்டியாக வரவழைப்பது என்று சொல்கிற பொறுப்பு இருபது வருஷமாகப் பாக்கியநாதனுடையது. துரைமார் அவரை 'நேதன்' என்பார்கள். நேதன் நல்லது என்றால் அது நல்லது.

அந்த நாக்கு செத்துப் போய் ஐந்தாறு வருஷம் ஆகிவிட்டது.

விஷக்காய்ச்சல் ஒன்று வந்து அவரைப் பாயோடு போட்டுப் புரட்டிவிட்டுப் போனது. போகும்போது வாசனையையும் ருசியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. சவுந்தரம் ஒருநாள் மறந்துபோய் உப்பே போடாமல் மீன் ஆணம் வைத்துவிட்டாள். அப்பா இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு ஏப்பமும் விட்டார். மறுநாள் சீனி போடாத காப்பியை வேண்டுமென்றே கொடுத்துப் பார்த்தாள். "தித்திப்புக் கொஞ்சம் கூடிருச்சு புள்ளே" என்றார். அவள் அடுப்படியில் நின்று அழுதாள். அவர் பின்னாலேயே வந்து, "வெளிய சொல்லிராதேம்மா, பொழைப்புப் போயிரும்" என்றார். அம்மா இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சொல்லமாட்டேன் என்று மாதா சுரூபத்தின் முன்னால் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

முதலில் அது விளையாட்டுப் போலத்தான் இருந்தது. ஒருமுறை அப்பா மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கடையின் பின்வாசலுக்குப் போயிருந்தாள். உள்ளே அப்பா ஒரு கரண்டிச் சாஸை வாயில் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சுற்றிலும் நாலு துரைமார் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணைத் திறந்து அவர் சொன்னது முந்தின சனிக்கிழமை அவள் சொன்னது. ஒரு சொல்கூடப் பிசகவில்லை. ஒரு துரை அவர் முதுகில் தட்டினார். பெட்டிகளுக்கு நடுவே தூக்கைப் பிடித்தபடி நின்ற சவுந்தரத்துக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்போது அவளுக்கு இருபத்துமூன்று வயது. இந்த வேலைக்கு முடிவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

கதவு தடதடவென்று இடிபட்டது.

"தம்பி! உள்ள என்னடா கள்ளநோட்டா அடிக்கிறீங்க? தொற!"

எதிர்வீட்டு ரோசம்மா அத்தை, பாக்கியநாதனின் அக்காள். அவர் குப்பிகளை மேசைக்கடியில் தள்ளினார். சவுந்தரம் கதவைத் திறந்தாள். அத்தை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு மூக்கைச் சுளித்தாள்.

"சனிக்கிழமையானா வெள்ளைக்காரன் வீட்டு வாசம்லா இங்க. அப்பனும் மவளும் கதவைச் சாத்திக்கிட்டு ஹாம் திங்கிறீங்க. எதிர்வீட்டுல ஒருத்தி இருக்காளே, ஒரு துண்டு குடுப்போம்னு இல்ல."

"உங்களுக்குத்தான் பல்லு இல்லையே அத்தை."

"பல்லு இல்லாட்டி என்னடி, ஆசை இல்லையா?" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தவள் வந்த காரியத்துக்கு வந்தாள். "அக்கரையில சிம்பாங் அம்பாட் பக்கத்து எஸ்டேட்டு ஆஸ்பத்திரியில மருந்து குடுக்குற டிரெசரா இருக்கானே ஹென்றி, பொண்டாட்டி செத்து மூணு வருஷமாச்சு, புள்ளைகுட்டி இல்ல. நாளைக்குப் பூசைக்கு வர்றான். பூசை முடிஞ்சு இங்க சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். 'என்னைக் கேக்காம ஏன் கூப்பிட்டே'ன்னு கேக்காதே தம்பி. உன்னைக் கேட்டா இவ கிழவியான பொறவுதான் பதில் வரும்."

பாக்கியநாதன் காலால் குப்பிகளை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.

ஹென்றி மறுநாள் வந்தான். ஒல்லியான ஆள், காதோரம் நரை. எஸ்டேட்டு ஆஸ்பத்திரியில் கொயினா கொடுத்துக் கொடுத்து அவன் சட்டையிலேயே ஒரு கசப்பு வாசனை இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு சாப்பிட்டான். இரசத்தை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தவன் கொஞ்சம் யோசித்தான்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. உப்பு ஒரு கல்லு கம்மி."

அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பொண்ணு பாக்க வந்த எடத்துல பேசுற பேச்சாய்யா இது?"

"இல்லக்கா, மத்ததெல்லாம் நல்லாருக்கு. அதனாலதான் இது தெரிஞ்சுச்சு."

சவுந்தரம் உப்புச் சாடியை எடுத்து வந்தாள்.  இத்தனை வருஷமாக இந்த வீட்டில் அவள் ஆக்கியதை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நன்றாக வந்த நாளும் சரி, அடிப்பிடித்த நாளும் சரி, அப்பா ஒரே மாதிரிதான் தின்றார். ஊரிலுள்ள துரைமார் நாக்குக்கெல்லாம் அவள் கணக்குச் சொன்னாள்; அவள் கைப்பக்குவத்துக்குச் சொல்ல ஆளில்லை. ஒரு கல் உப்பு குறைந்ததைக் கண்டுபிடித்த மனிதனோடு போய்விட வேண்டும் என்று அந்த நிமிஷமே அவளுக்குத் தோன்றிவிட்டது. வேறு காரணம் அவள் தேடவில்லை.

பாக்கியநாதன் ஹென்றியைச் சந்துமுனை வரைக்கும் கொண்டுவிட்டு வந்தார்.

"நல்ல பையன். ஆனா புதன்கிழமை விபூதித் திருநாள். தவசுகாலத்துல கோயில்ல கல்யாணம் இல்ல. பாஸ்கா முடிஞ்ச மறு ஞாயித்துக்கிழமை வாங்க, பதில் சொல்றேன்னு சொல்லிருக்கேன்."

"கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கவாவது இப்பவே சாமியார்கிட்டச் சொல்லி வச்சா என்ன?" என்றாள் அத்தை.

"அவசரம் என்ன?" என்றார் அவர். மகளைப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் கப்பல் தாமதமானது. துரைமார் ஈஸ்டர் என்கிற பாஸ்காவின் ஹாமுக்கான மாதிரிக் குப்பிகள் எப்போதும் தவசுகாலத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். இந்த முறை விபூதித் திருநாள் கழிந்து இரண்டாம் வாரத்தில்தான் வந்தன. அந்தச் சந்தில் எல்லா வீட்டிலும் நாற்பது நாளும் சுத்தபோசனம். இறைச்சி வாங்குவதும் இல்லை, தொடுவதும் இல்லை. சட்டியைக்கூடச் சாம்பல் போட்டுத் தேய்த்து ஒதுக்கிக் கவிழ்த்துவிடுவார்கள்.

"வாயில வச்சுப் பாத்துட்டுத் துப்பிர்றேன்" என்றாள் சவுந்தரம்.

"துப்பினா? நாக்குல பட்டது பட்டதுதான். நம்ம வீட்டுல அது வேணாம்."

"அப்பன்னா சாமிகிட்ட உத்தரவு கேளுங்க."

"எதுக்குன்னு கேப்பாரே. என்னன்னு சொல்ல?"

ஊரை ஏமாற்றுவதற்குக் கூசாத மனிதர் தவசுகாலத்தை மீறக் கூசினார். சவுந்தரத்துக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவளுக்கும் கூசத்தான் செய்தது. கடைசியில் அவர்தான் வழி கண்டுபிடித்தார்.

"ஹாம்ல என்ன இருக்கு? உப்பும் புகையும். கருவாட்டைத் தணல்ல சுடு. அதுலயும் உப்பு, புகை. போதாதா?"

போதும் என்றுதான் அவளுக்கும் பட்டது. பசாரில் நல்ல தடித்த கருவாடாகப் பார்த்து வாங்கி, கரித்தணலில் சுட்டு, மெல்லிசாகக் கிழித்து வைத்தாள். மூன்று குப்பியில் இரண்டு அந்தக் கருவாட்டிடம் தோற்றுப்போயின. ஒன்று வெல்லப்பாகு போல வழிந்தது. மீனும் இனிப்புமாகக் குமட்டியது. கோட்டைப் படம் போட்ட குப்பி மட்டும் காடியும் புளிப்புமாகப் பாய்ந்து மீன் வாடையை அடக்கி நின்றது.

"கோட்டைதான்" என்றாள் நிச்சயமாக.

தந்தியடித்ததும் கோட்டை அடுத்த கப்பலிலேயே பெட்டி பெட்டியாக வந்தது. பாஸ்காவுக்கு ஹாம் வாங்கினவர்களெல்லாம் நேதன் சொன்னார் என்று அதையும் வாங்கிப் போனார்கள். பாஸ்கா முடிந்த செவ்வாய்க்கிழமையிலிருந்து குப்பிகள் திரும்பி வர ஆரம்பித்தன. கருவாட்டின் வாடையை அடக்கின அதே புளிப்பு ஹாமின் புகையையும் இனிப்பையும் துடைத்தெடுத்துவிட்டது. மேசை நாற்காலிக்குப் பூசுகிற வார்னிஷ் என்று ஒரு எஸ்டேட்டு துரைசாணி சொல்லி அனுப்பினாள்.

அன்று பாக்கியநாதன் வீட்டுக்கு வந்து, கடைக்குப் போட்டுப்போன கோட்டுகூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"'நேதன், இதை நீ எதோட வச்சுத் தின்னு பாத்தே?'ன்னு கேட்டான் துரை. நான் என்னத்தச் சொல்ல? கருவாடுன்னா?"

சவுந்தரம் வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டாள். அவர் அவளை முறைத்துப் பார்த்தார். பிறகு அவருக்கும் தோள் குலுங்கியது. இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னார்: "நீதானே கோட்டைன்னு சொன்னே."

"நீங்கதானே கருவாடுன்னு சொன்னீங்க."

"சரி, விடு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரப்பர் விலை கெடக்குற கெடையில எஸ்டேட்டுக்காரன் எவனும் முன்ன மாதிரி வாங்கல. ஆபீசுல ரெண்டு பேரை ஏற்கெனவே நிறுத்திட்டான், ஒருத்தன் ஊருக்கே கப்பலேறிட்டான். அடுத்தது யாருன்னு எல்லாரும் ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாக்குறோம். திங்கக்கிழமை நான் துரை முன்னாலயே புதுச் சாஸ் ஒண்ணு எடுத்துக் காட்டணுமாம். ஹாமோட. அதையும் தப்பா எடுத்தா..."

அவர் எழுந்து கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினார். 

"ஞாயித்துக்கிழமை ஹென்றி வர்றாரு" என்றாள் சவுந்தரம்.

"தெரியும்."

அதற்குமேல் அந்த வாரம் அதைப் பற்றிப் பேச்சில்லை. வெள்ளிக்கிழமை அத்தை கிணற்றடியில் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கப்பன் மொகமே சரியில்ல. ஹென்றியை வேணாம்னு சொல்லிருவான் போலருக்கே. ஏண்டி, டிரெசருக்கு என்ன கொறை? உன்னைக் கட்டிக் குடுத்துட்டா சோறு பொங்க ஆளில்லைன்னா? நான் பொங்கிப் போட மாட்டனா? என் தம்பிதானே?"

"சோறு இல்ல அத்தை."

"பின்ன என்ன சுசா, என்ன கஷ்டம்? சொல்லேன்."

சவுந்தரம் வாளியைத் தூக்கினாள். அத்தையிடம் சொன்னால் பூசை முடிவதற்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும். ஹென்றியிடம் சொல்லலாமா என்றும் யோசித்திருந்தாள். அவனும் ஒரு துரைக்குக் கீழே வேலை பார்க்கிறவன். அந்தத் துரையும் அதே கடையில்தான் ஹாம் வாங்குகிறார். தவிர, தலையிலடித்துச் செய்த சத்தியம்.

"ஒண்ணுமில்ல அத்தை. அப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல" என்றாள். அதுவும் பொய் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வழக்கம் போல ஹாம் அரிந்தாள். கதவு, சன்னல், மூன்று குப்பி, நீத்தண்ணி. பழைய கோட்டையோடு சேர்த்து இன்னும் இரண்டு: பச்சைக் கப்பல் படம் போட்டது ஒன்று, மணிப் படம் போட்டது ஒன்று. துரை வேண்டுமென்றே கோட்டையையும் நடுவில் வைக்கப் போகிறாராம், நேதனுக்குத் தெரிகிறதா பார்ப்பதற்கு. முகப்புக் காகிதத்தையும் சுரண்டி எடுத்துவிடுவாராம். நிறம் மூன்றுக்கும் ஒன்றுதான்; இங்கேயும் எது எந்தத் தட்டில் என்பது ஊற்றிய சவுந்தரத்துக்கு மட்டும் தெரியும்.

"அதனால இன்னிக்குப் பேரு போதாது" என்றார் பாக்கியநாதன். "எது கெட்டியா ஒழுகுது, எது தண்ணி, எதுல மண்டி நிக்குது, கண்ணால பாத்துக் கண்டுபிடிக்க ஒரு அடையாளமும் சொல்லணும். முதல்ல எது நல்லதுன்னு பாரு."

கப்பலைத் தொட்டாள். உப்பு அதிகம், ஹாமோடு சேர்ந்தால் தொண்டை காயும். கோட்டை இறைச்சியோடு வாயில் பட்டதும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. இதையா நிச்சயமாகச் சொன்னேன்? நீத்தண்ணி குடித்துவிட்டு மணியைத் தொட்டாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பேரீச்சம்பழம் மாதிரி ஒரு மெல்லிய இனிப்பு ஹாமின் புகைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு அதை மேலே தூக்கிவிட்டது. சந்தேகமே இல்லை. தட்டைச் சாய்த்துப் பார்த்தாள். மணி மட்டும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்கியது. அடையாளமும் கிடைத்துவிட்டது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லு."

"நாளைக்கு அவருக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"முதல்ல குப்பியைச் சொல்லு."

"முதல்ல இதைச் சொல்லுங்கப்பா."

பாக்கியநாதன் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். "கிறிஸ்மஸ் ஆர்டர் முடியட்டும்னு சொல்லலாம்னு இருக்கேன். நல்லவன், காத்திருப்பான்."

"அப்பறம்?"

"அப்பறம் பாப்போம்."

"அப்பறம் அடுத்த கப்பல் வரும். ஒரு வருசமா, ரெண்டு வருசமா? எனக்கு முப்பது ஆகப் போவுதுப்பா."

"நான் என்னம்மா செய்யட்டும்? நாக்கு என்ன பசார்ல விக்கிற சாமானா, வாங்கி வச்சுக்க?"

"துரைகிட்ட உள்ளதைச் சொல்லிருங்க. சாமான் அடுக்குற கிட்டங்கிப் பக்கம் மாத்திக் குடுங்கன்னு கேளுங்க. இருபது வருசம் ஒழைச்சிருக்கீங்களே."

"நல்லா இருக்குறவனையே வீட்டுக்கு அனுப்புற காலத்துல, இத்தன வருசமா உன்னை ஏமாத்தினேன் துரைன்னு போய் நிக்கச் சொல்றியா?"

அவர் சொன்னது நியாயம்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அப்பா கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டுக்கொண்டு போயிருக்கலாம். தப்பான குப்பியைச் சொல்லிவிடலாமா என்றும் இந்த வாரம் முழுக்க அடுப்படியில் நினைத்துப் பார்த்திருந்தாள். சொன்னால் வேலை போகும். வேலை போன மனிதரை வாடகை வீட்டில் தனியாக விட்டுவிட்டு எந்த மகள் படகேறிப் போவாள்? சரியான குப்பியைச் சொன்னால் வேலை நிற்கும். வேலை நிற்கிற வரைக்கும் நாக்கு வேண்டும். எதைச் சொன்னாலும் அடுத்த சனிக்கிழமை மேசைக்கு இந்தப் பக்கத்தில் அவள்தான் உட்கார்ந்திருப்பாள்.

"ரசத்துல உப்பு கம்மின்னு சொன்னாருப்பா" என்றாள்.

"யாரு?"

"அவருதான்."

பாக்கியநாதனுக்கு விளங்கவில்லை. "அதுக்கு என்ன இப்ப? கொறை சொல்லிட்டானேன்னு வருத்தமா?"

அவள் ஹாம் துண்டுகளைத் தட்டில் அடுக்கிக் கிண்ணத்தால் மூடினாள். அவள் எழுந்துவிடப் போகிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கரண்டியை எடுத்தார். ஒவ்வொரு தட்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்து வாயில் விட்டு, கடையில் செய்வது போலவே கண்ணை மூடினார்; கன்னத்துக்குள் உருட்டினார்; புருவத்தை உயர்த்தினார். முதுகில் தட்ட ஒரு துரை இல்லாததுதான் குறை. கண்ணைத் திறந்து மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு, விரலை ஒவ்வொரு தட்டாகக் கொண்டுபோனார். கப்பல். மணி. கோட்டை. எங்கேயாவது அவள் கண் அசைகிறதா என்று பார்த்தார். அசையவில்லை. எது எதுவென்று தெரியாத அந்த விரல் கோட்டையில் போய் நின்றது.

"இதுதானே?"

சவுந்தரம் கத்தியையும் பலகையையும் எடுத்துக்கொண்டாள்.

"சவுந்தரம். இதுதானேம்மா?"

அவர் விரலில் சாஸ் ஒட்டியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு திரும்பி, அடுப்படிக்குள் போனாள்.